‘சார்ஜிங் இலவசம்’: கார் கம்பெனிகள் போடும் கணக்கு

எலெக்ட்ரிக் கார் விளம்பரங்களில் விலைக்கு அடுத்தபடியாகப் பெரிய எழுத்தில் வருவது பெரும்பாலும் சார்ஜிங்தான். ஒரு வருஷம் இலவசம், மூன்று வருஷம் இலவசம், சில கம்பெனிகள் ஒரு காலத்தில் சொன்னதுபோல ஆயுளுக்கும் இலவசம். படிக்கிறவருக்கு இரண்டு சந்தேகம் வரும். இத்தனை மின்சாரத்தைச் சும்மா கொடுத்தால் கம்பெனிக்கு எப்படிக் கட்டுப்படியாகும்? கட்டுப்படியாகிறது என்றால், அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?

முதல் சந்தேகத்துக்குச் சின்னக் கணக்கு ஒன்று போட்டாலே பதில் கிடைத்துவிடும். ஒருவர் வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார், கார் 100 கிலோமீட்டருக்கு 17 யூனிட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 2,550 யூனிட். மூன்று வருஷத்துக்கு 7,650. பொது ஃபாஸ்ட் சார்ஜரில் ஒரு யூனிட்டுக்கு 45 சென்ட் வாங்குகிறார்கள் என்றால் மொத்தம் 3,400 டாலருக்கு மேல் வரும். ஷோரூமில் உட்கார்ந்திருப்பவர் மனதில் போடும் கணக்கு இதுதான். ‘மூவாயிரம் டாலருக்கு மேல் மிச்சம்’ என்று அவருக்குத் தோன்றும்.

கம்பெனி போடும் கணக்கு வேறு. எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் சார்ஜ் செய்வதில் ஏறக்குறைய 80 சதவீதம் வீட்டிலேயே நடக்கிறது என்பது அமெரிக்காவில் எரிசக்தித் துறை முதற்கொண்டு பலரும் வழக்கமாகச் சொல்லும் அளவு. ராத்திரி வீட்டு வாசலில் சொருகிவிட்டுத் தூங்குகிறவர், பத்து நிமிஷம் ஓட்டிப்போய் அரை மணிநேரம் காத்திருந்து இலவச மின்சாரம் ஏற்ற மாட்டார். முதல் மாதம் போவார், அப்புறம் அலுத்துவிடும். ஆக வெளியே ஏற்றுவது வருஷத்துக்கு 500 யூனிட் பக்கம். மொத்தமாக வாங்குகிற கம்பெனிக்கு யூனிட் 20 சென்ட் விழுகிறது என்றால் வருஷத்துக்கு 100 டாலர், மூன்று வருஷத்துக்கு 300. நாற்பதாயிரம் டாலர் காரில் இது ஒரு சதவீதம்கூட இல்லை.

யூனிட் விலை ஊருக்கு ஊர் மாறும், இது தோராயமாகப் போட்ட கணக்குதான். ஆனால் விகிதம் பெரிதாக மாறாது. வாங்குகிறவர் கண்ணில் 3,400, விற்கிறவர் பையிலிருந்து 300. வேறு எந்தத் தள்ளுபடியிலும் இவ்வளவு இடைவெளி கிடைக்காது. ரொக்கமாக ஆயிரம் டாலர் குறைத்தால் கம்பெனிக்கு ஆயிரமும் போய்விடும், வாங்குகிறவருக்கும் அது ஆயிரமாகத்தான் தெரியும். வருஷச் சந்தா கட்டிவிட்டு ஜிம் பக்கமே எட்டிப் பார்க்காதவர்களை நம்பித்தான் ஜிம் நடக்கிறது. இலவச சார்ஜிங்கும் அந்த ரகம்தான்.

விலையைக் குறைக்காமல் சலுகை கொடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காரின் பட்டியல் விலையில் கை வைத்தால் அது அன்றைய விற்பனையோடு நிற்காது. நேற்று வாங்கியவர் கோபப்படுவார், செகண்ட் ஹேண்ட் விலை சரியும். அந்த விலையை நம்பி லீஸுக்குக் கொடுத்த நிதி நிறுவனங்களுக்கு நஷ்டம் வரும். 2023 ஜனவரியில் டெஸ்லா சீனாவில் விலையைக் குறைத்தபோது, சில வாரங்களுக்கு முன்பு முழு விலை கொடுத்து வாங்கியவர்கள் ஷோரூம்களில் திரண்டு சண்டை போட்டார்கள். இலவச சார்ஜிங் கொடுத்தால் இந்தத் தலைவலி இல்லை. பட்டியல் விலை அப்படியே இருக்கும். சலுகையை அடுத்த மாதம் சத்தமில்லாமல் நிறுத்தலாம், தேவைப்பட்டால் திரும்பவும் கொண்டுவரலாம்.

டெஸ்லா இதைக் குழாய் போலத் திறந்து மூடியிருக்கிறது. காலாண்டு முடியும் நேரத்தில், ஸ்டாக்கில் இருக்கும் கார்களைத் தள்ளிவிட வேண்டியிருக்கும்போது இலவச சார்ஜிங் தலைகாட்டும். 2022 டிசம்பரில் அமெரிக்காவில் அந்த மாதத்துக்குள் மாடல் 3 அல்லது மாடல் ஒய் டெலிவரி எடுப்பவர்களுக்கு 7,500 டாலர் தள்ளுபடியும், 10,000 மைல் ஓட்டத்துக்கு இலவச சார்ஜிங்கும் என்று அறிவித்தது. அந்த மைல் கணக்கு ஏறக்குறைய 2,800 யூனிட். ஆயிரம் டாலர் சொச்சம் பெறுமானம் என்று வைத்துக்கொண்டாலும், பக்கத்தில் நிற்கும் 7,500-உடன் சேர்த்துச் சொல்லும்போது ‘பத்தாயிரம் மைல்’ என்ற எண்தான் காதில் விழுகிறது.

இந்தச் சலுகையின் உண்மையான விலை என்ன என்பதைச் சீனாவின் நியோ கம்பெனி ஒருமுறை தன் வாயாலேயே சொல்லிவிட்டது. நியோ கார்களில் பேட்டரியைச் சார்ஜ் செய்வதோடு, அதற்கென உள்ள நிலையத்தில் சில நிமிஷத்தில் கழற்றி முழுதாக ஏற்றிய வேறொன்றை மாட்டிக்கொள்ளவும் முடியும். 2019-இல் முதல் உரிமையாளர்களுக்கு இந்த மாற்றத்தை ஆயுள் முழுக்க இலவசமாக அறிவித்தார்கள். பிறகு மாதத்துக்கு இத்தனை தடவை என்று சுருக்கினார்கள். 2023 ஜூனில் எல்லா மாடல்களின் விலையையும் 30,000 யுவான் குறைத்தார்கள். அதே அறிவிப்பில் புதிதாக வாங்குவோருக்கு இலவச பேட்டரி மாற்றம் இனி கிடையாது என்றும் சொன்னார்கள். விலைக் குறைப்பில் போட்டியும் ஒரு காரணம்தான். ஆனாலும் இலவசத்தைப் பிரித்தெடுத்ததும் காரின் விலை இறங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். அதுவரை அந்த ‘இலவசம்’ காரின் விலைக்குள்ளேதான் இருந்திருக்கிறது.

டெஸ்லாவின் முதல் சலுகையிலும் இது வெளிப்படையாகவே இருந்தது. 2012 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் ஆறு இடங்களில் சூப்பர்சார்ஜர் என்ற தன் ஃபாஸ்ட் சார்ஜிங் நிலையங்களைத் திறந்து, ‘நீண்ட பயணத்துக்கு என்றைக்கும் இலவசம்’ என்றார்கள். மாடல் எஸ் காரில் பெரிய பேட்டரி வாங்கியவர்களுக்கு இது விலையோடு சேர்ந்தே வந்தது. 60 யூனிட் பேட்டரி வாங்கியவர், சூப்பர்சார்ஜரைப் பயன்படுத்த வேண்டுமென்றால் ஆர்டர் கொடுக்கும்போது 2,000 டாலர் தனியாகக் கட்ட வேண்டியிருந்தது. அப்படிக் கட்டிய பிறகு ஒவ்வொரு சார்ஜும் ‘இலவசம்’.

அந்தக் காலகட்டத்தில் டெஸ்லாவுக்கு அது புத்திசாலித்தனமான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். அப்போது எலெக்ட்ரிக் கார் வாங்காதவர்களிடம் காரணம் கேட்டால் மின்சாரச் செலவை யாரும் சொல்லவில்லை. பாதி வழியில் பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வது என்ற பயத்தைத்தான் சொன்னார்கள். ‘நெடுஞ்சாலையில் சார்ஜர் இருக்கிறது, அதுவும் காசில்லாமல்’ என்ற ஒரே வாக்கியம் அந்தப் பயத்தைப் போக்கியது. கார்கள் கொஞ்சம், நிலையங்கள் பெரும்பாலான நேரம் காலி. காலியாக நிற்கும் சார்ஜரை ஒருவர் பயன்படுத்தினால் கூடுதலாக ஆகிற செலவு அந்த மின்சாரம் மட்டும்தான். நிலம், கேபிள், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றுக்கும் பணம் ஏற்கெனவே போய்விட்டது. இன்னொன்று, பல இடங்களில் மின்வாரியம் யூனிட்டுக்கு மட்டும் பில் போடுவதில்லை. மாதத்தில் எந்த ஒரு நேரத்தில் அதிகபட்சமாக எத்தனை கிலோவாட் இழுத்தீர்கள் என்று பார்த்து டிமாண்ட் சார்ஜ் என்று தனியாகவும் வாங்குகிறது. நாளைக்கு இரண்டு கார் வந்தாலும் இருபது கார் வந்தாலும் அந்தத் தொகை பெரிதாக மாறாது. அதனால் ஆரம்ப காலத்தில் இலவசமாகக் கொடுத்துக் கூட்டம் சேர்ப்பதில் இழப்பு குறைவு.

சிக்கல் கூட்டம் சேர்ந்த பிறகுதான் வருகிறது. இன்றைய சலுகைகளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் ஒவ்வொரு கண்டிஷனும், எப்போதோ ஒரு கம்பெனியின் கணக்கு தப்பியதால் வந்தது. அந்தப் பொடி எழுத்தைப் படித்தாலே இந்தச் சலுகையின் வரலாறு தெரிந்துவிடும்.

முதலில் தப்பியது ‘பெரும்பாலோர் வீட்டில்தான் சார்ஜ் செய்வார்கள்’ என்ற கணக்கு. வீட்டில் பிளக் இருந்தும் தினமும் பக்கத்து சூப்பர்சார்ஜருக்கு வருபவர்கள் இருந்தார்கள். 2015-இல் டெஸ்லா அப்படிப்பட்டவர்களுக்கு, ‘இது வெளியூர்ப் பயணத்துக்காகக் கட்டியது, உள்ளூர்த் தேவைக்கு வீட்டில் ஏற்றுங்கள்’ என்ற தொனியில் கடிதம் அனுப்பியது. ‘என்றைக்கும் இலவசம்’ என்று விற்றுவிட்டு அதை ஏன் பயன்படுத்துகிறாய் என்று கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? இணையத்தில் உரிமையாளர்கள் பொரிந்து தள்ளினார்கள். அடுத்த வருஷம் மலிவு மாடலான மாடல் 3-ஐ அறிமுகப்படுத்திய பிறகு, அதன் விலையில் ஆயுள் முழுக்க இலவச சார்ஜிங் சேராது என்று ஈலான் மஸ்க் சொல்லிவிட்டார். 2016 நவம்பரில் புதிய மாடல் எஸ், எக்ஸ் கார்களுக்கும் வருஷத்துக்கு 400 யூனிட் மட்டும் இலவசம், அதற்கு மேல் கட்டணம் என்றார்கள். 400 யூனிட்டில் சுமார் ஆயிரம் மைல் ஓடலாம். வருஷத்துக்கு ஒன்றிரண்டு வெளியூர்ப் பயணம், அவ்வளவுதான்.

இரண்டாவது பிரச்சினை, இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பது. சார்ஜ் முடிந்த பிறகும் காரை எடுக்காமல் கடைக்குப் போய்விடுவார்கள், வரிசை நீளும். 2016 டிசம்பரில் சார்ஜ் முடிந்தும் நகராத காருக்கு நிமிஷத்துக்கு 40 சென்ட் வசூலிக்க ஆரம்பித்தார்கள். மின்சாரம் இலவசம், இடம் இலவசமில்லை. மூன்றாவது, டாக்ஸி. நாள் முழுக்க ஓடும் வண்டிக்கு இலவச மின்சாரம் என்றால் அது சலுகையாக இல்லை, சம்பளத்தில் பாதி. 2017 டிசம்பருக்குப் பிறகு வாங்கிய கார்களை வாடகைக்கோ டெலிவரிக்கோ ஓட்டுபவர்கள் சூப்பர்சார்ஜரைப் பயன்படுத்தக்கூடாது என்று விதி வந்தது. இந்த ஆபத்து காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு நன்றாகத் தெரிந்ததுதான்: எந்தச் சலுகையும், அதனால் கம்பெனிக்கு அதிகச் செலவு வைக்கக்கூடிய ஆளைத்தான் முதலில் இழுத்துக்கொண்டு வரும்.

ஃபோக்ஸ்வேகன் பாடம் வேறு வழியில் வந்தது. டீசல் கார்களின் புகை அளவை மறைத்த மோசடிக்காக, 2016-இல் அமெரிக்க அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டில், பத்து வருஷத்தில் 200 கோடி டாலரை எலெக்ட்ரிக் கார்களுக்கான கட்டமைப்பிலும் விழிப்புணர்விலும் முதலீடு செய்ய ஒத்துக்கொண்டது. அப்படிப் பிறந்ததுதான் எலெக்ட்ரிஃபை அமெரிக்கா என்ற சார்ஜிங் கம்பெனி. கார்கள் பெருகுவதற்கு முன்பே நாடு முழுக்க சார்ஜர்கள் நின்றன. அவற்றைப் பயன்படுத்த ஆள் வேண்டும். ஃபோக்ஸ்வேகன் தன் ஐடி.4 காருக்கு மூன்று வருஷ இலவச சார்ஜிங் கொடுத்தது. ஹூண்டாய், கியா, லூசிட், ஃபோர்டு போன்ற மற்ற கம்பெனிகளும் தங்கள் வாடிக்கையாளர்களுக்காக அதே வலைப்பின்னலில் சார்ஜிங் சலுகை கொடுத்தன. கார் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு சார்ஜர்கூடக் கட்டாமல் ‘நாடு முழுக்க இலவசம்’ என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. நிலையம் நடத்துபவருக்கு நிச்சயமான கூட்டம்.

ஆனால் கூட்டத்தின் குணம் மாறியது. சார்ஜரின் திரையை ஒரு பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தாலே இது புரியும். பேட்டரி 20 சதவீதத்தில் இருக்கும்போது 150 கிலோவாட்டுக்கு மேல் பாய்கிறது. 60-ஐத் தாண்டியதும் மெல்ல இறங்குகிறது. 80 வந்ததும் சட்டென்று விழுந்து, கடைசியில் 20, 30 கிலோவாட்டில் சொட்டுகிறது. பேட்டரியைக் காப்பாற்றக் காரே அப்படி வேகத்தைக் குறைக்கிறது. அதனால் 80-லிருந்து 100 வரை ஏற்ற ஆகும் நேரம், அதுவரை ஏற்றியதற்கு ஆன நேரத்தைவிடக்கூட அதிகமாகலாம். காசு கொடுத்து ஏற்றுபவர் 80-இல் கிளம்பிவிடுவார். இலவசமாக ஏற்றுபவர் 98, 99 என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பின்னால் காசு கொடுக்கத் தயாராக நாலு கார் நிற்கும்.

அதனால்தான் ஹூண்டாய் ஐயோனிக் 5-க்கு ‘இரண்டு வருஷம், தடவைக்கு 30 நிமிஷம் வரை’ என்று வந்தது. ஐடி.4-க்கும் அடுத்த வருஷ மாடலிலேயே 30 நிமிஷக் கட்டுப்பாடு வந்துவிட்டது. கியா ஈவி6 நிமிஷக் கணக்கே வேண்டாம் என்று 1,000 யூனிட் கொடுத்தது. ஃபோர்டு மஸ்டாங் மாக்-ஈ 250 யூனிட். 2024-இல் எலெக்ட்ரிஃபை அமெரிக்கா, கலிஃபோர்னியாவில் கூட்டம் அதிகமான பத்து நிலையங்களில் 85 சதவீதம் வந்ததும் சார்ஜை நிறுத்திவிடும் சோதனையை ஆரம்பித்தது.

என்னைக் கேட்டால் இந்த வகைகளில் யூனிட் கணக்குதான் நேர்மையானது. கையில் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று தெரியும், எப்போது வேண்டுமானாலும் செலவழிக்கலாம், யாரும் பேராசைப்பட்டுக் கேபிளைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ‘அளவில்லா’ என்ற சொல் விளம்பரத்துக்கு நன்றாக இருக்கிறது, சார்ஜிங் ஸ்டேஷனில் வரிசையைத்தான் வளர்க்கிறது.

இதுவரை சொன்னது விற்பனைத் தந்திரம். வியட்நாமின் வின்ஃபாஸ்ட் இதையே கோட்டைச் சுவராகவும் கட்டிக்காட்டியது. அதன் நிறுவனர் ஃபாம் நியட் வூங், 2024 மார்ச்சில் வி-கிரீன் என்று தனி சார்ஜிங் கம்பெனி தொடங்கினார். அதன் 90 சதவீதப் பங்கு அவருடையது. கம்பெனி சொல்லும் கணக்கில், பைக்குக்கானவையும் சேர்த்து சுமார் 1,50,000 சார்ஜிங் முனைகள். வின்ஃபாஸ்ட் கார் வாங்கியவர்களுக்கு அங்கே சார்ஜிங்கைக் குறிப்பிட்ட காலத்துக்கு இலவசமாக்கினார்கள். பிறகு அந்தக் கெடுவை 2027 நடுப்பகுதி வரை நீட்டினார்கள். அந்த வலைப்பின்னல் மற்ற கம்பெனி கார்களுக்கு இடம் தராமலே வளர்ந்தது. 2024-இல் சீனாவின் பிஒய்டி வியட்நாமில் கால் வைத்தபோது அதன் காரை வாங்க நினைத்தவர் முன்னால் இருந்த கேள்வி விலையைப் பற்றியது மட்டும் இல்லை. ஒரு காருக்கு மூலைக்கு மூலை இலவச சார்ஜர், இன்னொரு காருக்குச் சொல்லிக்கொள்ளும்படி சார்ஜரே இல்லை. அந்த வருஷம் வின்ஃபாஸ்ட் உள்நாட்டில் 87,000 கார்களுக்கு மேல் டெலிவரி கொடுத்து முதலிடம் பிடித்தது. இலவச சார்ஜிங்கால் மட்டும் அது நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் போட்டியாளர் விலையைக் குறைக்கலாம், வசதிகளைக் கூட்டலாம். ஒரு நாடு முழுக்க சார்ஜர் நட்டு அதில் மின்சாரத்தையும் சும்மா கொடுப்பதற்கு வருஷக்கணக்காகும்.

டெஸ்லா இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. தன் வலைப்பின்னலைப் பூட்டி வைத்திருந்த கம்பெனி, 2022 நவம்பரில் தன் பிளக் வடிவத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2023-இல் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அடுத்தடுத்து அதை ஏற்றன. அதற்குப் பிறகு சூப்பர்சார்ஜர் என்பது மற்ற கம்பெனி கார்களிடமும் காசு வாங்கும் தொழில். அங்கே இலவசமாக ஏற்றும் ஒவ்வொரு காரும், காசு கொடுக்கும் காருக்கான இடத்தைப் பிடிக்கிறது. காலி நிலையத்தில் 20 சென்ட் செலவாக இருந்த அதே யூனிட், கூட்டமான நிலையத்தில் 45 சென்ட் வருமான இழப்பாக மாறிவிடுகிறது. சலுகையின் உண்மைச் செலவு மின்கட்டணத்தோடு ஏறுவதில்லை, கூட்டத்தோடு ஏறுகிறது.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற இரண்டாவது சந்தேகத்துக்குக் கம்பெனியின் கணக்குப் புத்தகமே பதில் சொல்லும். இன்றைய கணக்கியல் விதிப்படி, காரோடு சேர்த்து எதிர்காலச் சேவையை வாக்களித்தால், கார் விலையில் ஒரு பங்கை உடனே வருமானமாகக் காட்டக்கூடாது. சேவையைக் கொடுக்கக் கொடுக்கத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். டெஸ்லாவின் ஆண்டறிக்கையில், தள்ளிவைத்த வருமானம் என்ற தலைப்பின் கீழ் சூப்பர்சார்ஜர் வசதியும் இணைய இணைப்பும் மென்பொருள் அப்டேட்டுகளும் இதனால்தான் வருகின்றன. விளம்பரத்தில் ‘இலவசம்’ என்று இருப்பது கணக்குப் புத்தகத்தில் ‘வாடிக்கையாளர் முன்கூட்டியே கட்டியது’ என்று இருக்கிறது.

சலுகைக் காலம் முடிந்த பிறகு நடப்பதும் கணக்கில் உண்டு. இலவச சார்ஜிங்கைப் பெற ஆப்பை இறக்க வேண்டும், பெயர் பதிய வேண்டும், பல இடங்களில் கார்டு எண்ணும் கொடுக்க வேண்டும். இரண்டு வருஷம் ஒரே நிலையங்களுக்குப் போய்ப் பழகியவர், காலம் முடிந்த மறுநாள் வேறு ஆப்பைத் தேடுவது அபூர்வம். எந்த ஊரில், எந்த நேரத்தில், எவ்வளவு ஏற்றுகிறார்கள் என்ற விவரமும் சேர்ந்துவிடும். அடுத்த நிலையத்தை எங்கே கட்டுவது என்று முடிவுசெய்ய அதைவிட நல்ல கணக்கெடுப்பு இல்லை.

வாங்குகிறவர் பக்கம் நின்று பார்த்தால் எல்லாம் வீட்டு பிளக்கில்தான் வந்து நிற்கிறது. சொந்த பார்க்கிங்கும் மின் இணைப்பும் உள்ளவருக்கு மூன்று வருஷ இலவசத்தின் பெறுமானம் சில நூறு டாலரைத் தாண்டாது. அவர் அதற்குப் பதிலாகத் தள்ளுபடி கேட்டுப் பேரம் பேசலாம். அடுக்குமாடியில் இருந்துகொண்டு முழுக்க பொது சார்ஜரையே நம்பியிருப்பவருக்கு அதே சலுகை ஆயிரக்கணக்கில் பெறும். அவர் பார்க்க வேண்டியது எந்த வலைப்பின்னல், வீட்டுக்கு எவ்வளவு பக்கம், நிமிஷக் கட்டுப்பாடு உண்டா, காரை விற்றால் சலுகையும் சேர்ந்து போகுமா என்பதைத்தான். கம்பெனிகளுக்கும் இந்த வித்தியாசம் புரிந்துவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 2022 மாடல் போல்ட் வாங்கியவர்களுக்கு வீட்டில் சார்ஜிங் இணைப்பு போடும் செலவை ஏற்றது. 2024-இல் ஃபோர்டு வீட்டுச் சார்ஜரையும் பொருத்தும் கூலியையும் இலவசமாக்கியது. ஒரு தடவை செலவோடு முடிந்துவிடும், நிலையத்தில் வரிசையும் சேராது.

பழைய வாக்குறுதிகள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2017-க்கு முன் விற்ற டெஸ்லா கார்கள் பலவற்றில் ஆயுள் இலவச சார்ஜிங் காரோடு ஒட்டிக்கொண்டது. கை மாறினாலும் கூடவே போகும். அதனாலேயே அந்தப் பழைய கார்களுக்கு செகண்ட் ஹேண்ட் சந்தையில் தனி மவுசு. அப்படிப்பட்ட காரைத் தானே திரும்ப வாங்கி மறுபடி விற்கும்போது டெஸ்லா அந்தச் சலுகையை நீக்கிவிட்டு விற்றது. 2023-இல் ஒரு படி மேலே போய், அந்தப் பழைய உரிமையாளர்கள் புது மாடல் எஸ் அல்லது எக்ஸ் வாங்கினால் ஆறு வருஷம் இலவச சார்ஜிங் தருவதாக அறிவித்தது. ஆயுள் இலவசத்தை விட்டுக்கொடுக்க வைப்பதற்கு ஆறு வருஷ இலவசம்.